ஒத்து ஊதும் இசைத்தட்டு

டிஸ்கி: பதிவு கொஞ்சம் நீளம். ஹீரோ, ஹீரோயின், குத்துப்பாட்டு எதுவும் கிடையாது. டீ போட்டு எடுத்துட்டு வந்து உக்காருங்க.

எங்க பி.காம். மூணாம் வருஷ வகுப்புல என் இயர்போனை இப்போல்லாம் யாரும் கடன் கேக்கறதில்லை. ஒரு தடவை வாங்கிக் கேட்டவங்க எல்லாரும் ஒரே வேகத்துல திருப்பிக் கொடுத்துட்டாங்க. "என்னடி இது, ஃப்ரிட்ஜ் ஓடற மாதிரி இருக்கு?" "பாட்டு எப்போ ஆரம்பிக்கும்?" "வயர் போச்சுன்னு நினைக்கிறேன், கடையில காட்டு." இதைப் பழைய ரெக்கார்டு பிளேயர்ல வேற போட்டுக் கேக்கறேன்னு சொன்னதும், எனக்கு முத்திப்போச்சுன்னே முடிவு கட்டிட்டாங்க. அவங்களுக்கும், எதையோ தேடப் போய் வழி தவறி இங்க வந்து சேர்ந்த முகம் தெரியாத நண்பர்களுக்கும் சேர்த்துதான் இந்த விளக்கம்.

நான் கேக்கறதுக்கு ஆம்பியன்ட் இசைன்னு பேரு. சின்தசைசர், டேப் மாதிரி கருவிகளை வெச்சு செய்யறது. பல்லவி கிடையாது, சரணம் கிடையாது, நிறைய இடத்துல தாளமும் கிடையாது. ஒரு ஸ்வரம் வரும், நிக்கும், மெதுவா நிறம் மாறும், அப்படியே கரையும். அறையில ஊதுபத்தி வாசனை மாதிரி. உத்துப் பாத்தா இருக்கு, வேற வேலை பாத்தா மறந்துடும்.

சொல்லும்போது வெளிநாட்டுச் சரக்கு மாதிரிதான் இருக்கும். ஆனா நம்ம காதுக்கு இது புதுசே இல்லீங்க. கோயில் திருவிழாவுல நாதஸ்வரக் கச்சேரி பாத்திருப்பீங்க. வித்வான் நடுவுல, பக்கத்துல தவில்காரர், தாளம் தட்டறவர். ஓரமா இன்னொருத்தர் நாதஸ்வரம் மாதிரியே ஒரு குழலை வெச்சுக்கிட்டு விடாம ஒரே ஸ்வரத்தை ஊதிக்கிட்டு இருப்பார். அந்தக் கருவிக்கு ஒத்துன்னு பேரு. கன்னத்துல காத்தை நிரப்பி வெச்சுக்கிட்டு மூக்கால மூச்சை இழுத்தாத்தான் சத்தம் அறுபடாம வரும். கச்சேரி முடியற வரைக்கும் அதே ஸ்வரம். இப்போ பல இடத்துல அவரோட வேலையை எலக்ட்ரானிக் சுருதிப்பெட்டி பாத்துக்குது.

நம்ம ஜனங்க அந்த மனுஷனுக்குக் கொடுத்த மரியாதை என்ன தெரியுமா? மேல இருக்கறவன் சொல்றதுக்கெல்லாம் தலையாட்டறவனை "ஒத்து ஊதறான்"னு திட்டறது! ஆனா அந்த ஒத்து நின்னா வித்வானோட ராகத்துக்குக் காலூன்ற இடமே இல்லை. ஆம்பியன்ட் இசை செய்யறது ஒண்ணே ஒண்ணுதான். வித்வானைக் கொஞ்ச நேரம் டீ குடிக்க அனுப்பிட்டு, ஒத்துக்காரரை மேடை நடுவுல உக்கார வைக்குது.

சரி, இதுல இசைத்தட்டு எங்கே வந்துச்சுன்னு கேப்பீங்க. ஆம்பியன்ட் பொறந்ததே ஒரு இசைத்தட்டாலதான்.

1975ஆம் வருஷ ஆரம்பத்துல பிரையன் ஈனோங்கற இங்கிலாந்து இசைக்காரரை லண்டன்ல ஒரு டாக்ஸி இடிச்சுடுச்சு. படுத்த படுக்கை. ஜூடி நைலான்ங்கற தோழி பாக்க வந்து, 18ஆம் நூற்றாண்டு ஹார்ப் இசை ரெக்கார்டு ஒண்ணைக் கொடுத்துட்டுப் போனாங்க. ஈனோ சொன்ன கதைப்படி, அவர் எப்படியோ தட்டுத்தடுமாறி எழுந்து ரெக்கார்டைப் போட்டுட்டு வந்து படுத்துட்டார். படுத்த பிறகுதான் தெரியுது, வால்யூம் ரொம்பக் கம்மி, ரெண்டு ஸ்பீக்கர்ல ஒண்ணு வேலையும் செய்யலை. மறுபடி எழுந்து போக உடம்புல தெம்பு இல்லை. வெளியில மழை. மழைச் சத்தத்துக்கு நடுவுல ஹார்ப் அங்கொண்ணும் இங்கொண்ணுமா கேக்குது. வெளிச்சம் மாதிரி, மழை மாதிரி, இசையும் அந்த அறையோட ஒரு பகுதியா இருக்கலாமேன்னு அவருக்குத் தோணுச்சாம்.

அதே வருஷம் 'டிஸ்க்ரீட் மியூசிக்'னு ஒரு தட்டு போட்டார். 1978ல 'மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்' வந்தப்போ இந்த வகைக்கு ஆம்பியன்ட்னு பேரும் வெச்சார். கவனிச்சுக் கேட்டாலும் பலன் இருக்கணும், கவனிக்காம விட்டாலும் கோவிச்சுக்கக் கூடாது, இதுதான் அவர் போட்ட விதி. யோசிச்சுப் பாருங்க, அன்னைக்கு அவர் கையில மொபைல் இருந்திருந்தா படுத்தபடியே வால்யூமைக் கூட்டியிருப்பார். கதை முடிஞ்சிருக்கும்.

இப்போ நம்ம ஊர்க் கதை.

என் பெரிய மாமா திண்டிவனத்துல மைக்செட் வெச்சிருந்தவர். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, ஆடி மாசம் கூழ் ஊத்தற திருவிழா, கட்சிக் கூட்டம், எல்லாத்துக்கும் அவர் செட்தான் போகும். பனை மரத்துலயோ தென்னை மரத்துலயோ கூம்பு ஸ்பீக்கரைக் கட்டி, விடியக்காலையில சாமி பாட்டு ரெக்கார்டைப் போட்டா சுத்துப்பட்டு மூணு ஊருக்குக் கேக்கும். கேசட் வந்ததும் ரெக்கார்டு பரணுக்கு ஏறிச்சு. சிடி வந்ததும் கேசட் ஏறிச்சு. பென் டிரைவ் வந்ததும் சிடி ஏறிச்சு. அப்புறம் லாரி சைஸ் பாக்ஸோட டிஜே செட் வந்ததும், பரண்ல இடம் இல்லாததால மாமா தொழிலையே விட்டுட்டார் :)

பரண்ல இருந்த அவரோட எச்.எம்.வி. ரெக்கார்டு பிளேயரை நான்தான் போன வருஷம் கீழே இறக்கினேன். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல அலைஞ்சு புது முள் வாங்கிப் போட்டோம். மாமா கையால எண்ணெய் விட்டு, ஸ்பீடு சரி பண்ணி ஓட வெச்சார். போட்டுக் கேக்க எனக்குன்னு ஒரு தட்டு வேணுமே. பாண்டிச்சேரியில மகாத்மா காந்தி ரோட்டுல நடக்குற சண்டே மார்க்கெட் உங்களுக்குத் தெரியும். திண்டிவனத்துலேர்ந்து ஒரு மணி நேர பஸ். அங்க பழைய புத்தகக் குவியலுக்கு அடியில அட்டை கிழிஞ்ச ஒரு ரெக்கார்டு கிடைச்சுது. டேஞ்ஜரின் ட்ரீம்ங்கற ஜெர்மன் குழு 1975ல வெளியிட்ட 'ரூபிகான்'. பேரம் பேசி 300 ரூபாய். தட்டோட ஒரு பக்கத்துக்கு ஒரே பாட்டு, ஒவ்வொண்ணும் 17 நிமிஷம் சொச்சம். நடுவுல சின்தசைசர் துடிப்பு வேகம் எடுக்கும், அதனால சுத்தமான ஆம்பியன்ட்னு சொல்ல முடியாது. ஆனா ஆரம்பமும் முடிவும் பனிமூட்டம்தான்.

முதல் தடவை போட்டப்போ மாமா பக்கத்துல உக்காந்து கேட்டார். ரெண்டு நிமிஷம் கழிச்சு, "பாப்பா, மெட்டு எங்கம்மா போச்சு?"ன்னார். மெட்டு இல்லை மாமான்னேன். "அப்போ எதுக்கு இதுக்கு ரெக்கார்டு?"ன்னு சிரிச்சார். ஆனா எழுந்து போகலை. அந்தப் பக்கம் முடிஞ்சதும் அவரே எழுந்து, ஓரத்தை மட்டும் உள்ளங்கையால பிடிச்சுத் தட்டைத் திருப்பிப் போட்டார். அந்தக் கைப்பழக்கம் இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் போகலை.

ஏன் எழுந்து போகலைங்கறது ஒரு வாரம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது. மாமாவுக்கு ஆறேழு வருஷமா காதுக்குள்ள ஒரு இரைச்சல். "வண்டு"ன்னு சொல்வார். பகல்ல தெரியாது. ராத்திரி ஊர் அடங்கினதும் ஙொய்னு ஆரம்பிச்சுடும். அதனாலயே டிவியை ஓட விட்டுட்டுத் தூங்குவார், அத்தைக்கும் அவருக்கும் அதுல தினம் சண்டை. டாக்டர் விளக்கினதை அத்தை எனக்குச் சொன்னாங்க. உள்காதுல மயிரிழை மாதிரி நுண்ணிய செல்கள் இருக்கு. வருஷக்கணக்கா பெரிய சத்தம் பட்டா அதெல்லாம் சாஞ்சுடும், திரும்ப முளைக்காது. வர்ற சேதி குறைஞ்சதும் மூளை தானா ஒரு சத்தத்தை உண்டாக்கிக்குது. மாத்திரை போட்டு நிறுத்தற வைத்தியம் இதுக்குக் கிடையாது. முழு அமைதியில படுக்காதீங்க, பக்கத்துல மெல்லிசா ஏதாவது ஓடட்டும்னு சொல்லி அனுப்பியிருக்கார்.

முப்பது வருஷம் ஊருக்கே கேக்கற மாதிரி சத்தம் போட்ட மனுஷனுக்கு, இப்போ நிசப்தம்னு ஒண்ணே கிடையாது. இதை யோசிச்சப்போ எனக்குத் தொண்டை அடைச்சுது.

டிவியில ஆள் பேசறாங்க, விளம்பரம் கத்துது. கவனம் அங்கே போயிடும், தூக்கம் போயிடும். ரூபிகான் கவனத்தைக் கேக்கலை. வால்யூமைக் குறைச்சு வெச்சா, வண்டுச் சத்தத்துக்குப் பக்கத்துலயே அதுவும் ஒரு ஓரமா ஓடுது. பழைய தட்டுல கொஞ்சம் சர்ர்னு உரசல் சத்தம் வேற கூட வருது. மாமா சொன்னது: "வண்டு போகல பாப்பா. கூட்டத்துல ஒண்ணாயிடுச்சு."

(உங்களுக்கோ வீட்டுல யாருக்கோ காதுல இரைச்சல் இருந்தா முதல்ல டாக்டர்கிட்ட போங்க. இது மருந்து இல்லை.)

நானும் சும்மா இருக்காம, "மாமா, எதுக்கு 17 நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுந்துக்கறீங்க? மொபைல்ல எட்டு மணி நேரம் நிக்காம ஓடற மாதிரியே இருக்கு"ன்னு போட்டுக் கொடுத்தேன். ரெண்டு நாள் கேட்டார். மூணாம் நாள் மறுபடி தட்டுக்கே வந்துட்டார். கேட்டா, "அது பாட்டுக்கு ஓடுது. எனக்கு அங்க வேலையே இல்லையே"ன்னார்.

இந்த ஒரு பதில்ல எனக்கு நிறைய விளங்குச்சு. அதுக்கு முன்னாடி தட்டோட கணக்கைக் கொஞ்சம் சொல்லிடறேன். (காமர்ஸ் ஆச்சே, கணக்கு இல்லாம எப்படி!)

எல்.பி. தட்டு நிமிஷத்துக்கு முப்பத்து மூணே கால் சுத்துன்னு நம்ம பெரியவங்க சொல்வாங்க, சரியான கணக்கு முப்பத்து மூணும் மூணுல ஒரு பங்கும். அதாவது ஒரு சுத்துக்கு 1.8 விநாடி. ஒரு பக்கத்துல சாதாரணமா 22 நிமிஷம் பிடிக்கும்னு வெச்சா மொத்தம் 733 சுத்து. அந்தச் சுருள் கோட்டை நீட்டி வெச்சா சுமார் 470 மீட்டர். ஒரு பக்கம் கேக்கறதுங்கறது, முள் அரைக் கிலோமீட்டர் நடந்துட்டு வர்றது. சத்தமும் பேஸும் அதிகமானா கோடு அகலமா வளையும், தட்டுல இடம் அதிகம் தின்னும், நேரம் குறையும். மெல்லிசான இசைன்னா கோட்டை நெருக்கி வெட்டலாம். டிஸ்க்ரீட் மியூசிக்கோட முதல் பக்கம் அரை மணி நேரம் ஓடறது அதனாலதான். அதுக்கு மேல இழுக்கறது கஷ்டம். ஈனோவே 1985ல 'தேர்ஸ்டே ஆஃப்டர்நூன்'னு 61 நிமிஷத்துக்கு ஒரே இசையா போட்டப்போ, அதை சிடிக்குன்னே செஞ்சார்.

அப்போ ஆம்பியன்ட்டுக்கு சிடிதானே, மொபைல்தானே பொருத்தம்? கேக்கறவன் கவனிக்கவே வேணாம்னு சொல்ற இசையை, இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுந்து வந்து கவனின்னு சொல்ற தட்டுல ஏன் போடணும்? என் நண்பர்கள் கேட்டதுல உருப்படியான கேள்வி இதுதான்.

எனக்குத் தெரிஞ்ச பதில் இது. எட்டு மணி நேரம் ஓடறது கொஞ்ச நேரத்துல ஃபேன் சத்தம் ஆயிடுது. அது ஆரம்பிச்சதும் தெரியாது, முடிஞ்சதும் தெரியாது. தட்டுல ஓடறதுக்கு ஒரு கரை இருக்கு. காஸ்ட் அக்கவுண்டிங் படிக்கும்போது ஒரு பக்கம் போடுவேன். படிப்புல முழுகினதும் இசை மறந்துடும். திடீர்னு முள் கடைசி வட்டத்துல மாட்டி டக்... டக்...னு 1.8 விநாடிக்கு ஒரு தடவை தட்டும். எழுந்து முள்ளைத் தூக்கினதும் வர்ற அமைதியில, இருபது நிமிஷமா காதுல விழாம இருந்த ஊர் மொத்தமும் கேக்கும். ஜி.எஸ்.டி. ரோட்டுல கியர் மாத்தற லாரி, பக்கத்து வீட்டுக் குக்கர் விசில், தூரத்துல ரயில். அந்த ரெண்டு நிமிஷம் திண்டிவனமே ஒரு ஆம்பியன்ட் தட்டு மாதிரி இருக்கும். முடிவே இல்லாத இசையில இது நடக்காது.

மாமாவுக்கு முடிவு வேற மாதிரி. தட்டு நின்னா வண்டு திரும்பி வரும். அதனால அவர் எழுந்து திருப்பறார். வாலிபத்துல ஊர் தூங்காம இருக்கத் தட்டு மாத்தினவர், இப்போ தான் தூங்கறதுக்காக மாத்தறார். தட்டு மாத்தத் தெரிஞ்ச ஆள்னு அந்த அறையில அவருக்கு ஒரு இடம் இருக்கு. மொபைல் அதைத்தான் பிடுங்கிக்கிச்சு. நாலு பக்கம், அஞ்சு பக்கம் திருப்பினதும் அசதியில தூங்கிடுவார். பிளேயரை நிறுத்தறது அத்தை வேலை. டிவி சண்டைக்கு இது எவ்வளவோ தேவலைங்கறாங்க அத்தை.

"எல்லாம் சரி, இது வெள்ளைக்காரன் சமாச்சாரம்தானே?"ன்னு ஒரு குரூப் கேக்கும். அவங்களுக்காக ஒரு வரலாறு.

1946ல கீதா சாராபாய்ங்கற அகமதாபாத் பொண்ணு நியூயார்க் போனாங்க. நம்ம விண்வெளித் திட்டத்தை ஆரம்பிச்ச விக்ரம் சாராபாயோட சகோதரி. அங்க ஜான் கேஜ்ங்கற இசையமைப்பாளர்கிட்ட மேற்கத்திய இசை கத்துக்கிட்டாங்க, பதிலுக்கு அவருக்கு நம்ம இசையைச் சொல்லிக் கொடுத்தாங்க. மனசை அடக்கி அமைதியாக்கி, மேலான ஒண்ணு உள்ளே வர இடம் பண்றதுதான் இசையோட வேலைன்னு தன் குரு சொன்னதை அவருக்குச் சொன்னாங்க. கேஜ் அதைக் கடைசி வரைக்கும் பல இடத்துல சொல்லிக்கிட்டே இருந்தார். 1952ல இசைக்கலைஞர் எதையுமே வாசிக்காம உக்காந்திருக்கற '4 நிமிஷம் 33 விநாடி'யை எழுதினார். அதை முதல்ல மேடையேத்தின பியானோக்காரர் டேவிட் டியூடர். ஈனோ இளவயசுல கேஜ் எழுத்தைப் படிச்சு வளர்ந்தவர்.

அதே டேவிட் டியூடர் 1969ல அகமதாபாத் வந்து, நேஷனல் இன்ஸ்டிடியூட் ஆஃப் டிசைன்ல ஒரு மூக் சின்தசைசரை வெச்சு எலக்ட்ரானிக் இசைக்கூடம் அமைச்சார். கீதா சாராபாய், ஐ.எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ்.சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரான்னு அஞ்சு பேரோட வேலைகள் அங்கே டேப்ல பதிவாச்சு. சில வருஷத்துலயே கூடம் அடங்கிப்போச்சு. டேப்புகள் அலமாரியில தூங்கிச்சு. பால் பர்கஸ்ங்கற பிரிட்டிஷ் கலைஞர் அதைத் தேடி எடுத்து, 2023ல 'தி என்.ஐ.டி. டேப்ஸ்'ங்கற பேர்ல இசைத்தட்டாவே வெளியிட வெச்சார். அரை நூற்றாண்டு கழிச்சு! அதுல பறவைச் சத்தம் மாதிரி ஒண்ணு, விண்வெளிப் பயணம் மாதிரி ஒண்ணுன்னு இருக்கு. கேட்டா நம்ம தாத்தா காலத்து ஆளுங்க செஞ்சதுன்னு நம்பவே மாட்டீங்க.

நமக்கு இன்னும் பக்கத்துலயே ஒருத்தர் இருந்தார். பாண்டிச்சேரி அரவிந்தர் ஆசிரமத்துல சுனில் பட்டாச்சார்யா, அன்னை ஆர்கன்ல வாசிச்சதை வெச்சுக்கிட்டு வருஷா வருஷம் புத்தாண்டு இசை அமைச்சார். ஆர்கன், பிறகு மின்னணுக் கருவிகள், நீண்டு நிக்கற ஸ்வரங்கள். 1998ல காலமானார். பக்தியைத் தள்ளி வெச்சுட்டுக் கேட்டாலும், இது நான் தேடற இசைக்கு ஒண்ணுவிட்ட சொந்தம்தான்.

கடைசியா காசு விஷயம். வெளிநாட்டுல அச்சான புதுத் தட்டு வாங்கினா பல ஆயிரம் ஆயிடும். என் பாக்கெட் மணிக்கு அது கனவு. அமெரிக்காவுல 2022ல இசைத்தட்டு 4.1 கோடியும் சிடி 3.3 கோடியும் வித்துது. 1987க்கு அப்புறம் எண்ணிக்கையில தட்டு ஜெயிச்சது அப்போதான். அதனால இது ஃபேஷன் ஆயிடுச்சு, விலையும் ஏறிடுச்சு. தட்டுல சத்தம் உசத்தின்னு சொல்றவங்களை நம்பாதீங்க. உரசல் இல்லாத சுத்தமான ஒலி வேணும்னா சிடியே மேல். தட்டுல நீங்க வாங்கறது இருபது நிமிஷத்தை. அதுக்கு ஒரு ஆரம்பம், ஒரு முடிவு, நடுவுல உங்க கை.

போன போகிக்கு மாமா கூம்பு ஸ்பீக்கர் எல்லாத்தையும் பழைய இரும்புக்காரர்கிட்ட எடைக்குப் போட்டுட்டார். எந்த வருத்தமும் இல்லை, "போதும், ஊர் கேட்டது"ன்னார். பிளேயரை மட்டும் தொட விடலை.

அதனால ஒரு வேண்டுகோள். உங்க வீட்டுப் பரண்ல ரெக்கார்டு இருந்தா பேரீச்சம்பழத்துக்குப் போட்டுடாதீங்க. ஒண்ணு மேல ஒண்ணு அடுக்காம நிக்க வைங்க, இல்லேன்னா வளைஞ்சுடும். வெயில் படாம வைங்க. ஈரம் இல்லாத மெல்லிய துணியால கோடு போற திசையிலயே துடைங்க. பிளேயர் இல்லேன்னா கவலைப்படாதீங்க, மொபைல்லயே மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ் முதல் பாட்டைப் போட்டு, அறைக்கு அந்தப் பக்கம் எட்டாத தூரத்துல வெச்சுட்டு வந்து படுங்க. வால்யூம் கம்மியா இருக்கட்டும்.

பிடிக்கலைன்னா என் இயர்போனைத் திருப்பிக் கொடுத்த மாதிரியே இதையும் கொடுத்துடுங்க. பிடிச்சா, பரண்ல என்ன கிடைச்சுதுன்னு எழுதுங்க. மாமாவுக்கு ஒரே ரூபிகானைத் திருப்பித் திருப்பிப் போட்டு அலுத்துப்போச்சாம், புதுசு ஏதாவது கொண்டான்னு நச்சரிக்கறார்.